கடைசியாகச் சாப்பிட்ட நேரம்

அக்குறணை
18 மார்ச் 2025

அன்புள்ள நிலூஷா மிஸ்,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பாண் துகள். எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் கறுப்பு அபாயாவில், தோளுக்குச் சற்றுக் கீழே ஒட்டியிருந்தது. அவர் பெயர் சித்தி றலியா.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மத்ரஸா மண்டபத்தில் நீங்கள் இரத்தத்தில் சீனிப் பரிசோதனை செய்தபோது, பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று ஸ்பிரிட் பஞ்சு கொடுத்த பிள்ளை நான்தான். என் பெயர் நஸ்லியா. வயது பதினேழு. நீங்கள் என்னிடம் ஏதோ கேட்டீர்கள், நான் தலையை மட்டும் ஆட்டினேன். தொலைபேசியிலும் எனக்குக் குரல் வராது. அதனால் எழுதுகிறேன். உங்கள் நிதியத்தின் மருந்து வேன் செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். சாரதி முத்துலிங்கம் அண்ணன் உம்மா பொரித்து விற்கும் பெட்டிஸ் வாங்குவார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நோன்பு மாதத்தில், பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரத்தில், ஒருவர் உடுப்பில் பாண் துகள் இருக்க முடியாது. மாமிக்கு அன்று நோன்பு இல்லை. பெண்களுக்கு மாதத்தில் சில நாட்கள் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த நாட்களை நாங்கள் வெளியில் சொல்வதில்லை என்பது தெரியாமல் இருக்கலாம். வீட்டு ஆண்களுக்குக்கூடச் சொல்வதில்லை. குசினிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவோம். சிலர் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கும் எல்லாரோடும் எழும்பி உட்காருவார்கள்.

அன்று பாயிஸ் ஹாஜியார் ஒலிவாங்கியில் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். “எல்லாரும் நோம்பு தானே? நோம்பு மாசத்துல நோம்பில்லாத ஆள் யாரு! எல்லாருக்கும் நோம்பு என்டே போடுங்க மிஸ், டைம் மிச்சம்.” திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பிறகு மாமிக்குச் சிவப்புத் துண்டு கொடுத்தீர்கள். வெறும் வயிற்றில் சீனி கூடியிருக்கிறது என்று அதில் இருந்தது. அவர் வயிறு வெறுமையாக இல்லை, மிஸ். அவரைப் போல இன்னும் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என் உம்மா, றமீலா. பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். அவருடைய துண்டில் 214 என்று இருக்கிறது.

வாப்பா மௌத்தானது இந்தச் சீனி வருத்தத்தால்தான். கடைசியில் அவருடைய இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்தார்கள். அவரோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஆள் இல்லாததால் நான் பத்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டேன். அதனால்தான் சிவப்புத் துண்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் அந்த மெஷின் ஞாபகம் வந்தது. பிறகு பாண் ஞாபகம் வந்தது. உம்மாவிடம் சொன்னேன். இருவருக்கும் ஆறுதல்.

அந்தத் துண்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா?

இப்படிக்கு,
நஸ்லியா


கண்டி
25 மார்ச் 2025

அன்புள்ள நஸ்லியா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி.

பரிசோதனையை நோன்பு மாதத்தில் வைப்பது என்னுடைய யோசனை. மற்ற ஊர்களில் வெறும் வயிற்றில் வாருங்கள் என்றால் பாதிப் பேர் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஆகவே, ஊரே பட்டினியாக இருக்கும் மாதம் இருக்கிறதே என்று நான் குழுவில் சொன்னேன். எல்லாரும் பாராட்டினார்கள். விரலில் துளி இரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்று உங்கள் மௌலவியிடம் கேட்டு உறுதிப்படுத்தினேன். ஸஹருக்குப் பிறகு எட்டு மணித்தியாலம் கழியட்டும் என்று பகல் நேரத்தைத் தெரிவு செய்தேன். கவனமாகத்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன். நான் கத்தோலிக்கப் பெண். நீங்கள் எழுதியது எனக்குத் தோன்றவில்லை. யாராவது சொல்லியிருக்கலாம் என்ற கோபமும் கொஞ்சம் இருக்கிறது. அது நியாயமில்லை என்றும் தெரிகிறது.

இரண்டு விஷயங்கள்.

ஒன்று, உங்கள் உம்மா. சாப்பிட்ட பிறகும் நோயில்லாத உடம்பில் சீனி 214 வரை ஏறாது. மற்றவர்களில் பலருடைய துண்டு பிழையாக இருக்கலாம். உம்மாவுடையது அப்படி இல்லை. தயவுசெய்து அவரிடம் ஆறுதல் சொன்னதைத் திருப்பி எடுங்கள். அவர் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

இரண்டாவது, நிதியத்தின் முடிவு. அடுத்த ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு இடத்தில் வாராந்தப் பெண்கள் கிளினிக் நடத்தலாம். தாதி ஒருவர் சீனி, பிரஷர் பார்ப்பார், சாப்பாடு பற்றிப் பேசுவார், வராதவரைத் தேடிப் போவார். வருத்தம் முற்றுவதற்கு முன் பிடிப்பதுதான் நோக்கம். அக்குறணையா, பன்விலப் பக்கத் தோட்டமா என்பதுதான் கேள்வி. எங்கே சிவப்புத் துண்டு அதிகமோ அங்கே என்று குழு தீர்மானித்திருக்கிறது. இப்போது உங்கள் ஊர் முன்னால் நிற்கிறது. அந்தப் பெண்களின் துண்டுகளை எடுத்தால் பின்னால் போய்விடும்.

நான் இதைக் குழுவிடம் சொல்ல வேண்டும். எப்போது, எப்படி என்று யோசிக்கிறேன்.

நிலூஷா
நிகழ்ச்சி இணைப்பாளர்


அக்குறணை
1 ஏப்ரல் 2025

அன்புள்ள நிலூஷா மிஸ்,

நேற்று எங்களுக்குப் பெருநாள். உம்மா மூன்று கிண்ணம் கருப்பட்டி வட்டிலாப்பம் சாப்பிட்டார். நான் எண்ணவில்லை, கிண்ணங்களைக் கழுவியது நான்.

உங்கள் கடிதத்தில் இருந்ததை அவரிடம் சொன்னேன். “பாண் சாப்பிட்டதால என்டு நீ தானே சென்ன?” என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன். “அப்ப ஒன்ட பேச்ச நான் கேக்கிறன். நீ மிஸ்ஸுட பேச்சக் கேளு.” பிறகு சட்டியில் பெட்டிஸ் போட்டார். அதற்கு மேல் பேச முடியாது, எண்ணெய்ச் சத்தம்.

சித்தி றலியா மாமியிடமும் கேட்டேன். மறுபடி ஒரு தடவை விரலைக் கொடுப்பாரா என்றும், கொடுத்தால் கிளினிக் எங்கள் ஊருக்கு வராமல் போகலாம் என்றும் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். கணவரை அவர் மச்சான் என்றுதான் சொல்வார்.

“அடியே, கிளினிக் வாரதென்டா எனக்கு சீனி ஈக்கட்டுமே! ஒனக்கென்ன நட்டம்? ஆஸ்பத்திரிக்குப் போறதென்டா மச்சான் லீவு போடணும், முச்சக்கர வண்டி பிடிக்கணும், பொறகு வந்து ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு ஈப்பாரு. மத்ரஸாக்கென்டா நான் செருப்பப் போட்டுட்டு நடந்து போவன். எழுதட்டும், எனக்கு அஞ்சூறு என்டு எழுதட்டும்.”

“பொய் தானே மாமி?”

“நான் எங்கடி பொய் சென்ன? என்னட்ட ஒருத்தரும் கேக்கவே இல்லயே.”

அது உண்மைதான். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மற்றப் பெண்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். துண்டு பிழை என்று அவர்களுக்குத் தெரியும். கிளினிக் வேண்டும் என்பதும் தெரியும். நான் எழுதியது யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் இப்போது பிடிக்கவில்லை. கிளினிக் இங்கே வந்தால் உம்மாவை ஒருநாள் கையைப் பிடித்து அழைத்துப் போகலாம். வராவிட்டால் அவர் போகவே மாட்டார். நான் எழுதாமல் இருந்திருந்தால் வந்திருக்கும்.

இன்னொன்று. இன்று காலை முத்துலிங்கம் அண்ணன் பெட்டிஸ் கடித்துக்கொண்டே, “நிலூஷா மிஸ் எங்க பக்கத்து ஆளுதான் தங்கச்சி, பன்வில” என்றார்.

அதை நீங்கள் எழுதவில்லையே, மிஸ்.

நஸ்லியா


கண்டி
8 ஏப்ரல் 2025

நஸ்லியா,

ஆம், நான் பன்வில. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா பெயர் றோஸ், கொழுந்து பறித்தார். அப்பா யாகப்பர் தொழிற்சாலையில் இருந்தார். அவருடைய கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தபோதுதான் அவருக்குச் சீனி வியாதி இருப்பது தெரிந்தது. தெரிந்த வாரமே இரண்டு விரல்களை எடுத்தார்கள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார்.

நான் அதை எழுதாததற்குக் காரணம் நீ நினைப்பது அல்ல. உன் முதல் கடிதத்தைக் குழுவிடம் சொல்லாமல் நான் நாள் கடத்தியதற்கும் இதுதான் காரணம். சொன்னால் கிளினிக் என் ஊருக்குப் போகும். என் ஊருக்காகத்தான் சொன்னேன் என்பார்கள். சொல்லாவிட்டால் பிழையான கணக்கில் ஒரு முடிவு எடுக்கப்படும். குழுவில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். இரண்டில் எதைச் செய்தாலும் என் கை சுத்தமாக இருக்காது. ஆகவே ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. என் ஊர் எது என்பதையும் அங்கேயே சொன்னேன்.

தலைவர் டொக்டர் வீரசிங்கம் ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பிழையான இலக்கத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டன். எந்தப் பொம்பிளையின்ர இலக்கம் சரி, எது பிழை எண்டு தெரியாதெண்டால், அக்குறணைப் பொம்பிளையளின்ர கணக்கு முழுவதையும் எடுத்துவிடுங்கோ” என்றார்.

குழுவில் உங்கள் ஊருக்காக இருக்கும் பாயிஸ் ஹாஜியார் எழும்பிவிட்டார். “பொம்புளைகள்ட கணக்க எடுத்துட்டுப் பொம்புளைகளுக்கு கிளினிக் எப்பிடி டொக்டர் கேக்கிற? அப்ப ஆம்புளைகள்ட சீனியக் காட்டியா?”

குழுவில் இன்னொருவரான ஸாகி முதலாளி வழக்கம் போலத் தன் கதையைத் தொடங்கினார். “இதுக்குத்தான் நான் அப்பவே சென்ன. இரத்தம் சுத்தம் பண்ற மெஷின் ஒன்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் குடுப்பம். அதுல பேர் போடலாம். வராத வருத்தத்துக்கு எங்க பேர் போடுற?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தபோது, நாங்கள் எல்லாரும் தடுமாறுவது அந்த இடத்தில்தான் என்று தோன்றியது. மெஷினில் படுத்திருப்பவரைப் படம் எடுக்கலாம். மெஷினுக்குப் போகாமல் தப்பியவரை யாரும் படம் எடுக்க முடியாது. அவர் எங்கேயோ கடையில் நின்று தேங்காய் வாங்கிக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஒன்றுக்கு அனுமதி வாங்கினேன். மே 3, சனிக்கிழமை காலை, சிவப்புத் துண்டு கிடைத்த பெண்களை மட்டும் மறுபடி பார்க்கலாம். ஒலிவாங்கி இல்லை. ஆண்கள் இல்லை. நோன்பா என்று கேட்க மாட்டோம். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்போம். அதை அவர்களுக்குத் தெரிந்த ஒரு பெண் கேட்க வேண்டும். நீ கேட்பாயா?

உன் உம்மாவை எப்படியாவது அழைத்து வா.

நிலூஷா


அக்குறணை
22 ஏப்ரல் 2025

நிலூஷா மிஸ்,

புத்தாண்டு என்று போன வாரம் வேன் வரவில்லை. அதனால் இந்தப் பதில் தாமதம். வந்திருந்தாலும் என்ன எழுதுவது என்று தெரிந்திருக்காது.

பாயிஸ் ஹாஜியார் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். வாசலில் நின்று பொதுவாகச் சத்தம் போட்டார். “இந்த ஊருக்கு ஒரு நல்லது கொண்டுவர நான் எத்தன பேர்ட கால்ல விழுந்திருக்கன்! யாரு போய் அங்க வத்தி வெச்ச? பொம்புளைகள்ட ரகசியத்த ஆம்புளைகள் ஈக்கிற மீட்டிங்ல பேச வெச்சிட்டீங்களே!”

உம்மா கதவுக்குப் பின்னால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்போது சித்தி றலியா மாமி தன் வாசலில் இருந்து, “நான்தான் ஹாஜியார் சென்ன. மிஸ் கேட்டாங்க, நான் செல்லிட்டன். இன்னும் ஏதும் கேக்க ஈக்கா? வெக்கமில்லாம செல்ல நான் ரெடி” என்றார். ஹாஜியார் தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்விட்டார். மாமி உள்ளே வந்து, “ஒன்னால எனக்கு கிளினிக்கும் இல்ல, மானமும் இல்ல” என்று என் தலையில் குட்டினார். வலித்தது.

நீங்கள் ஆண்கள் இருந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். டொக்டரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். நான் உங்களுக்குத்தான் எழுதினேன்.

கேள்வி கேட்க என்னால் ஏலாது. பஞ்சு கொடுக்கிறேன்.

உம்மா வரமாட்டார். பெட்டிஸ் ஓடர் இருக்கிறதாம்.

நஸ்லியா


கண்டி
29 ஏப்ரல் 2025

அன்புள்ள நஸ்லியா,

நீ சொன்னது சரி. டொக்டரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாலும் சொன்னால்தான் என்னைச் சந்தேகிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். என் பெயரைக் காப்பாற்ற உங்கள் விஷயத்தைச் சபையில் வைத்துவிட்டேன். அதற்கு வருந்துகிறேன்.

நான் ஒரு வேலை செய்தேன். உங்களிடம் கேட்கப்போகும் கேள்வியைப் பன்விலவிலும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ஈஸ்டர் விடுமுறையில் தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஜனவரியில் பரிசோதித்தோம். விடிகாலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போவதற்கு முன், டிஸ்பென்சரியில். எல்லாரும் வெறும் வயிறு என்றார்கள், அப்படியே எழுதினோம்.

இப்போது கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ராத்திரி ரொட்டி என்றார்கள். காலையில் ஒன்றும் இல்லையா என்றேன். ஒன்றும் இல்லை. தேத்தண்ணி? “அது குடிச்சோம்ங்க மிஸ். சீனியக் கையில வச்சு நக்கிக்கிட்டு ரெண்டு கோப்ப. தேத்தண்ணியெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா? அது குடிக்காம எப்புடிங்க எந்திரிக்கிறது?” என்று கேட்டார்கள். பக்கத்தில் என் அம்மா உட்கார்ந்து சீனி நக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டில் இருபது வருடம் வாழ்ந்தவள். எனக்குத் தெரியாதது என்று இதைச் சொல்ல முடியாது. எனக்கும் அது சாப்பாடாகத் தோன்றவில்லை.

ஆகவே பன்விலக் கணக்கும் பிழை. டொக்டரிடம் சொல்லிவிட்டேன், இந்த முறை தனியாக. இரண்டு இடத்திலும் மறுபடி பார்க்கிறோம்.

கேள்வியைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்கலாம். யாருடைய முகத்தையும் நீ பார்க்க வேண்டியதில்லை.

நிலூஷா


அக்குறணை
6 மே 2025

அன்புள்ள நிலூஷா மிஸ்,

சனிக்கிழமை நீங்கள் அவசரமாகப் போய்விட்டீர்கள். திரைக்கு இந்தப் பக்கம் நடந்ததில் சிலவற்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் திரைக்குப் பின்னால் ஒளியாமல் பெண்கள் பக்கமே நின்றேன், ஆனால் முதல் பெண்ணிடம் எனக்குக் குரல் வரவில்லை. அவரே, “என்ன மகள், ஏதாவது கேக்கணுமா?” என்றார். அதன் பிறகு கேட்டேன். மூன்றாவது ஆளுக்குப் பிறகு கேட்பது பஞ்சு கொடுப்பது போல ஆகிவிட்டது. பெண்கள் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒருவர் நோன்பு மாதத்தில் தான் பால் கொடுத்துக்கொண்டிருந்ததையும், அதனால் நோன்பை விட்டதையும் தானாகச் சொன்னார். மாமியார் பக்கத்தில் நின்றதால் அன்று சொல்ல முடியவில்லையாம்.

சித்தி றலியா மாமியின் பதில் உங்களுக்கும் கேட்டிருக்கும். “நேத்து ராவு மூனு இடியப்பம். அதுக்குப் பொறகு மச்சான்ட ஏச்சு. அதையும் எழுதணுமா?” அவருக்குச் சீனி இல்லை என்று நீங்கள் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. “ஒன்டுமே இல்லயா? கொஞ்சம்கூட?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

சிவப்புத் துண்டுகளில் பாதிக்கு மேல் இல்லாமல் போனதைப் பார்த்தேன். மீதி உண்மை என்பதையும் பார்த்தேன். முன்பு எல்லாமே பாண்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

உம்மா வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கடைக்குக் கொடுக்கும் பெட்டிஸ் கூடையோடு வந்தார். ஊரெல்லாம் போகும்போது வராவிட்டால் பேசுவார்கள் என்று வந்திருப்பார். நான் கேட்டேன். “உம்மா, கடைசியா எப்ப சாப்பிட்ட?”

“இப்பதான். வாற பாதையில ஒரு பெட்டிஸ்.”

நீங்கள் திரைக்குப் பின்னால் இருந்து, பரவாயில்லை, சாப்பிட்டிருந்தாலும் பார்க்கலாம், கையைத் தாருங்கள் என்றீர்கள். அவர் கையை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டார். “சாப்பிட்டுட்டு வந்தா பிழையாக் காட்டும் என்டு தானே எல்லாரும் திரும்ப வந்திருக்கீங்க? இன்னொரு நாளைக்கு வாரன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கூடையை விடியற்காலை அடுக்கியது நான், மிஸ். வீட்டுக்கு வந்து கடைக்காரருக்கு எடுத்துக் கொடுக்கும்போது மேல் அடுக்கைப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

அன்று பின்னேரம் கேட்டேன். அவர் வெங்காயத்தை உரித்து முடித்தார். பிறகு, “ஒங்கட வாப்பாக்கும் முதல்ல ஒரு துண்டுதான் குடுத்த” என்றார்.

கிளினிக் இங்கே வருமா? தெரிந்தால் எழுதுங்கள். வாராவாரம் தாதி வந்தால், வராதவரைத் தேடிப் போவார் என்று எழுதியிருந்தீர்கள். அவரைத் தேடி வீட்டுக்கே வர ஒருவர் வேண்டும்.

நஸ்லியா


கண்டி
20 மே 2025

அன்புள்ள நஸ்லியா,

கிளினிக் பன்விலவுக்குப் போகிறது.

எப்படி முடிவானது என்று உனக்குச் சொல்ல வேண்டும். திருத்திய கணக்கை இரண்டு இடத்துக்கும் வைத்தேன். நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. டொக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதில ஒண்டையும் முடிவெடுக்கேலாது” என்றார். எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு கணக்காளர், “எங்க அறை ஈக்கி?” என்று கேட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் பூட்டிக் கிடக்கும் ஒரு அறை இருக்கிறது, தண்ணீர்க் குழாயும் இருக்கிறது. உங்கள் மத்ரஸா மண்டபத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, பரீட்சை வந்தால் மண்டபமும் இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நீயும் நானும் இரண்டு மாதமாகத் திருத்திய எண்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாயிஸ் ஹாஜியார், கழிப்பறையை நாளைக்கே கட்டுகிறேன் என்றார். அடுத்த வருடம் பரிசீலிப்பதாகக் குறிப்பில் எழுதினார்கள். அவர் அதை விடமாட்டார், நேற்றே மேசன் வந்து அளந்தாராம்.

எனக்குச் சந்தோஷம் இல்லை என்று எழுதினால் அது பொய். என் அம்மா அந்த அறைக்கு நடந்து போவார்.

உண்மையான சிவப்புத் துண்டு உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். சித்தி றலியா மாமிக்கு வேண்டியதில்லை என்று அவரிடம் சொல், ஏச்சைச் சாப்பிடுவதைக் குறைக்கட்டும். உன் உம்மாவுக்குரிய கடிதம் இத்துடன் இருக்கிறது. வியாழக்கிழமை காலை, வெறும் வயிற்றில். அடுத்த வருடம் வரை அவர் காத்திருக்கக் கூடாது. இதில் குழு செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. நான் செய்யக்கூடியதும் இந்தக் கடிதம் வரைதான்.

நிலூஷா


அக்குறணை
30 மே 2025

அன்புள்ள நிலூஷா மிஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாட்கள் கோபமாக இருந்தேன். உங்கள் மேல் என்று நினைத்தேன். பிறகு அறையின் மேல் என்று நினைத்தேன். ஒரு அறையின் மேல் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்? உங்கள் அம்மா போய் வருவது நல்லது. அதை மனதார எழுதுகிறேன்.

ஊரில் இப்போது ஒருவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மத்ரஸாவுக்குப் பின்னால் செங்கல் இறக்கியிருக்கிறார்கள். மாமி மட்டும், “அந்த அஞ்சூறு என்டு எழுதியிருந்தா இப்ப கிளினிக்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அறை விஷயத்தைச் சொன்னேன். “அப்ப சீனியும் இல்லாம சும்மாவா விரலக் குத்தின?” என்று கேட்டார்.

நேற்று வியாழக்கிழமை. புதன் இரவுச் சாப்பாடு முடிந்ததும் உம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். பார்ப்போம் என்றார். அவர் பார்ப்போம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். காலையில் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து, நான் கேட்பதற்கு முன்பே, “நான் ரெண்டு விசுக்கோத்து சாப்பிட்டுட்டன் மகள், இன்டைக்குப் போய் வேலையில்ல” என்றார்.

அவர் எழும்புவதற்கு முன்பே நான் குசினியைப் பூட்டியிருந்தேன். விசுக்கோத்து டின் உள்ளே இருந்தது. திறப்பு என் கையில் இருந்தது. அதைக் காட்டினேன். அவர் திறப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பயமா ஈக்கி மகள்” என்றார்.

நான் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவருடைய அபாயாவை எடுத்து விரித்துப் பிடித்தேன்.

நஸ்லியா